உட்கார்ந்தபடியே பிறரை எழுப்பிய டாக்டர் அம்மா



கடலூர், சிதம்பரம் பக்கத்து ஜனங்களுக்குப் பெரிய வியாதி என்றால் ஒன்று புதுச்சேரி ஜிப்மர், இல்லாவிட்டால் வேலூர். விழுப்புரம், திருவண்ணாமலை வழியாக ரயில் ஏறிப் போவார்கள். வேலூர் ஆஸ்பத்திரி என்றதும் ஐடா ஸ்கட்டர் அம்மாவின் பேரைச் சொல்லுகிறோம். அங்கேயே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்த இன்னொரு டாக்டர் அம்மாவை நம்மில் அநேகருக்குத் தெரியாது. அவர் பெயர் மேரி வர்கீஸ். அவரைப் பற்றி எழுதவேண்டும் என்று வெகுநாளாய் எனக்கு ஒரு பாரம்.

1925இல் கேரளாவில், கொச்சிப் பக்கம் வசதியான ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். வேலூரில் டாக்டர் படிப்பு முடித்தார். பிரசவ வைத்தியம், பெண்கள் வைத்தியம் செய்யவேண்டும் என்பதே அவருடைய ஆசை. 1954 ஜனவரியில் உடன் வேலை செய்த இளம் டாக்டர்களோடு உல்லாசப் பயணம் போனபோது வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பலத்த காயம். முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போயிற்று. வயது முப்பதுகூட ஆகவில்லை, பாருங்கள்.

அந்தக் காலத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவன் கதை முடிந்தது என்றுதான் சொல்லுவார்கள். அடிபட்டதனால் சாகிறதைவிட, அதற்குப் பிறகு வரும் படுக்கைப் புண்ணினாலும், சிறுநீர் சரியாகப் போகாமல் கிட்னி கெட்டுப்போவதாலும் செத்தவர்களே அதிகம். உணர்ச்சி இல்லாத சதை நசுங்குவது அவர்களுக்குத் தெரியாது. நமக்கு ஒரே பக்கம் படுத்தால் வலிக்கும், திரும்பிக்கொள்வோம். அவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது திருப்பிவிட வேண்டும், ராத்திரியிலும்கூட. 1944இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் குட்மன் இதை ஒழுங்காகச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் இப்படிப்பட்டவர்கள் பல வருஷம் உயிர்வாழலாம் என்று உலகம் கண்டுகொண்டது.

மேரி அம்மாவுக்கு மேலும் சில ஆபரேஷன்கள் நடந்தன. மாதக்கணக்காகப் படுக்கை. தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை, நல்ல தசைநாரை இடம் மாற்றி நிமிர்த்துகிற ஆபரேஷனுக்குப் பேர்போன டாக்டர் பால் பிராண்ட் அப்போது வேலூரில் இருந்தார். கை ஆபரேஷனுக்கு டாக்டர் நிற்கவேண்டியதில்லை, உட்கார்ந்தே செய்யலாம் என்று அவர்தான் வழி காட்டினார். மேரி அம்மா அதைக் கற்றுக்கொண்டார். ஊர் தள்ளி வைத்த தொழுநோயாளிகள், தங்களைவிட அதிகமாக அடிபட்ட ஒரு பெண் தங்கள் கையைப் பிடித்துச் சரிசெய்கிறதைக் கண்டார்கள். மற்ற டாக்டர்கள் வாயால் சொல்லும் தைரியம் வேறு, இது வேறு.

அம்மா அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போய், தனக்குத்தானே உடுத்தவும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும் பயிற்சி பெற்றார். பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் புனர்வாழ்வு வைத்தியத்தைப் படித்தார். திரும்பி வந்து வேலூரில் அந்தப் பிரிவை ஏற்று நடத்தினார். 1966இல் பாகாயத்தில் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையம் திறந்தது. நம் தேசத்தில் இப்படிப்பட்ட முன்னோடி நிலையங்களில் அதுவும் ஒன்று. 1972இல் அரசாங்கம் பத்மஸ்ரீ கொடுத்தது. எனக்கு விருதைவிட அந்த நிலையத்தில் நடந்த வேலைதான் பெரிது. புண் வராமல் பார்த்துக்கொள்ளுவது, டியூப் வைத்துக்கொள்ளுவது, தொழில் செய்து பிழைப்பது, இவற்றையெல்லாம் கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள்.

இங்கே ஒன்றை மழுப்பாமல் சொல்லவேண்டும். தேவன் சுகமாக்குகிறவர் என்று விசுவாசிக்கிற ஜனங்கள் நாம். மேரி அம்மா 1954இலிருந்து 1986 டிசம்பரில் மரிக்கும்வரை 32 வருஷம் நடக்கவில்லை. அவரும் விசுவாசிதான். அவர் விசுவாசம் குறைவு என்று சொல்ல நமக்கு வாய் வருமா? ஆனாலும் நம் தெருவில் ஒருவன் கால் விழுந்து கிடந்தால் என்ன சொல்லுகிறோம்? பாவம் இருக்கும், பரம்பரைச் சாபம் இருக்கும் என்கிறோம். பிறவிக் குருடனைப் பார்த்து யார் பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் பாவமும் இல்லை, பெற்றோர் பாவமும் இல்லை என்றல்லவா ஆண்டவர் பதில் கொடுத்தார்! திமிர்வாதக்காரனைக் கூரை வழியாக இறக்கின நாலு பேரும் முதலில் கட்டிலைத் தூக்கினார்கள். அந்தத் தூக்குகிற வேலை நம்முடையது.

கிள்ளைப் பக்கம் வீடு சந்திக்கப் போனபோது தென்னை மரத்திலிருந்து விழுந்த ஒரு வாலிபனைப் பார்த்தேன். ஜெபிக்க நிறையப் பேர் வந்திருந்தார்கள். ரொட்டியும் ஹார்லிக்ஸும் குவிந்து கிடந்தது. முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். அம்மாக்காரி ஒருத்தியே எத்தனை ராத்திரி கண்விழிப்பாள்? பெண்கள் ஜெபக்குழுவில் பன்னிரண்டு பேர் முறை போட்டுக்கொண்டார்கள். பகலில் இரண்டு மணிக்கு ஒருதரம் ஒருவர் போய்த் திருப்பிவிட்டு, புண்ணைப் பார்த்து, தண்ணீர் கொடுத்துவிட்டு வருவது. ஜெபமும் அப்படியே நடந்தது. அந்த அம்மாவுக்குப் பகலில் கொஞ்சம் தூக்கம் கிடைத்தது.

இன்னொன்றும் உண்டு. 2016ஆம் வருஷத்துச் சட்டம் 21 வகை மாற்றுத்திறனாளிகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடும் உண்டு. அடையாள அட்டை இல்லாமல் பல சலுகைகள் கைக்கு வராது. கடலூரில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. படிக்கத் தெரியாத பெற்றோரோடு நம் வாலிபர் ஒருவர் பஸ் ஏறிப் போய் மனு எழுதிக் கொடுத்தால் ஒரு நாள் வேலை, அவ்வளவுதான்.

மேரி அம்மாவின் நிலையம் இன்றும் பாகாயத்தில் அவர் பெயரிலேயே நடக்கிறது. பயிற்சி முடித்துப் போனவர்கள் பிறகு ஒரு மேளாவுக்காகத் திரும்பக் கூடிவந்து, உடம்பைச் சோதித்துக்கொண்டு, சக்கர நாற்காலியிலேயே விளையாட்டுப் போட்டியும் நடத்துவார்களாம்.

நம் ஆராதனை மண்டபத்துக்கு வாசலில் இரண்டு படி, மொத்தம் ஒரு அடி உயரம். ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும் என்பது கணக்கு. கொத்தனார் சகோதரர் ஒருவர் போன வாரம் நாடா வைத்து அளந்தார். செருப்பு விடும் மேடையை எடுத்துவிட்டால் பதிமூன்றடி இருக்கிறது. சிமெண்டும் மணலும் யார் தருகிறீர்கள் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.