டொக்டர் மேரி இரத்தினம்: ஒருவர் வாழ்வும் எம் அனைவரின் வரலாறும்

எமது கல்லூரி அன்னை நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், இந்நாட்டுப் பெண்களின் கதையோடு பிணைந்துபோன ஒரு வைத்தியரை நினைவுகூர விரும்புகிறோம். வைத்தியத்துறையில் இருக்கும் பழைய மாணவிகளான எமக்கு அவர் முன்னோடி. ஏனைய சகோதரிகளோ வாக்குச்சீட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவரை நினைக்கலாம்.

மேரி ஹெலன் இர்வின் 1873 ஆம் ஆண்டு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் கற்பது அரிதாயிருந்த காலத்தில் பட்டம் பெற்று, 1896 இல் அமெரிக்க மிஷன் பணிக்காக யாழ்ப்பாணம் வந்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென இணுவிலில் தொடங்கிய மருத்துவப் பணி அது. சாமுவேல் கிறிஸ்மஸ் கனக இரத்தினம் என்னும் தமிழரை அவர் மணந்ததை மிஷன் வட்டாரம் ஏற்கவில்லை. அப்பணியிலிருந்து நீங்க நேர்ந்தது. ஆயினும் அவர் கனடாவுக்குத் திரும்பிவிடவில்லை. கொழும்பில் குடியேறி, பல்லாண்டுகள் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார்.

பெண்களின் துன்பங்கள் எல்லாம் மருந்தால் தீர்வன அல்ல என்பதை அவர் செயலிற் காட்டினார். 1927 இல் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தில் முன்னின்று உழைத்தார். டொனமூர் ஆணைக்குழு முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமையைச் சிபார்சு செய்தது. ஈற்றில் அது ஆண்களைப் போலவே இருபத்தொரு வயதினருக்குக் கிடைத்தது. 1931 இல் முதற் தேர்தல் நடந்தது. எனினும் அத்தேர்தலைப் பகிஷ்கரித்த குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் எமது பாட்டிமார் 1934 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரே உரிமையின் கதையைக் கொழும்பில் ஒருவிதமாகவும் யாழ்ப்பாணத்தில் வேறுவிதமாகவும் சொல்ல வேண்டியிருப்பது இதனாலேயே.

1930 இல் அவர் தொடக்கிய லங்கா மகிளா சமிதி, கனடாவின் கிராமியப் பெண்கள் அமைப்புகளை முன்மாதிரியாகக் கொண்டது. சுகாதாரம், போசாக்கு, கைப்பணி என்பன கிராமங்கள்தோறும் சென்றன. 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்மணியும் அவரே. 1958 இல் மக்சேசே விருது அவரைத் தேடிவந்தது. 1962 இல், பிறந்த மண்ணிலன்றித் தாம் வரித்துக்கொண்ட இந்நாட்டிலேயே மறைந்தார்.

விருதுப் பட்டியலில் அவர் பெயர் உண்டு. ஆனால் கூட்டங்களுக்கு நடந்து வந்த, சமிதிகளைக் கட்டியெழுப்பிய பெண்கள் பலரின் பெயர்கள் எங்கும் இல்லை. அவர்களின்றி அவர் வாழ்வு ஒரு தனிமனிதரின் நன்முயற்சியாகவே முடிந்திருக்கும்.

எமது கல்லூரியின் கதையும் அவ்வாறானதே. அதிபர்களின் பெயர்களும் ஆண்டுகளும் இம்மலரில் உள்ளன. விடுதிச் சமையலறையில் உழைத்தவர்களும், இடம்பெயர்வினால் படிப்பை இடையில் விட்டவர்களும் அதே வரலாற்றின் பாதியாவர். உலகெங்கும் வாழும் சகோதரிகளே, உங்கள் வீட்டிலுள்ள பழைய வகுப்புப் படங்களின் பின்புறத்தில், நினைவிருக்கும் பெயர்களை இப்போதே எழுதி வையுங்கள். அடுத்த நூற்றாண்டு மலரைத் தொகுப்போருக்கு அதுவே முதல் ஆவணமாகும்.