நிழலில் வக்து கண்ட நேரக்கணிப்பாளர்

பாங்கொலி கேட்டதும் தொழுகைக்கு விரைகின்றோம். கைக்கடிகாரம் இல்லாத காலத்தில் அந்தப் பாங்கிற்குரிய வேளையை யார் கணித்துச் சொன்னார்கள் என்று என்றேனும் சிந்தித்ததுண்டா? அப்பணிக்கே வாழ்வை அளித்த பேரறிஞர் ஒருவரை இன்று அறிந்துகொள்ளுங்கள்.

அவர்தாம் இப்னு ஷாத்திர் (ரஹ்). 1304-ஆம் ஆண்டளவில் சிரியாவின் திமிஷ்க் நகரில் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்து, பாட்டனாரின் ஆதரவில் வளர்ந்தார். தந்தம் பதிக்கும் கைவினையைக் கற்றார். பின்னர் கெய்ரோவிலும் அலெக்ஸாந்திரியாவிலும் வானியல் பயின்றார். தாயகம் திரும்பி, புகழ்பெற்ற உமையாப் பள்ளிவாசலின் தலைமை முவக்கித், அதாவது நேரக்கணிப்பாளர் ஆனார்.

இது எளிய பணியன்று. ஐவேளைத் தொழுகையும் சூரியனின் நிலையைச் சார்ந்தது. சூரியன் உச்சி சாய்ந்தால் லுஹர். நிழல் உரிய அளவு நீண்டால் அஸர். சூரியன் மறைந்தால் மஃரிப். நாள்தோறும் இவ்வேளைகள் மாறுகின்றன. கணிப்பாளர் பிழைத்தால், அவரை நம்பியுள்ள ஊராரின் தொழுகையன்றோ வேளை தவறும்! இந்தப் பொறுப்பை அன்னார் நன்கு உணர்ந்திருந்தார்.

பழைய சூரியக் கடிகாரங்கள் பகற்பொழுதைப் பன்னிரண்டாகப் பகுத்தன. ஆதலால் கோடையில் ஒரு மணி நீண்டது, குளிரில் குறுகியது. ஹிஜ்ரி 773-இல் (கி.பி. 1371-72) அவர் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள சலவைக்கல்லில் ஒரு புதிய கடிகாரத்தைச் செதுக்கினார். நிழல் வீழ்த்தும் முள்ளை வானின் துருவம் நோக்கிச் சாய்த்து அமைத்தார். ஆண்டு முழுவதும் மணிகள் சம அளவாயின. உதயம் முதல் சென்ற நேரம், அஸ்தமனத்திற்கு எஞ்சிய நேரம், அஸருக்குள்ள இடைவெளி ஆகியவற்றை அதன் கோடுகள் காட்டின. அஃது அப்பள்ளியின் மணமகள் மினாராவில் நிறுவப்பட்டது. பயணிகளுக்கும் பயன்பட வேண்டுமென்று, தொழுகை வேளையும் கிப்லாவும் அறிய உதவும் சிறு பேழை ஒன்றையும் 1366-இல் அவர் செய்திருந்தார். அதன் அகலம் 12 சென்டிமீட்டரே!

1375-இல் அவர் மறைந்தார். அவருடைய கல்லோ ஏறத்தாழ 500 ஆண்டுகள் மினாராவில் நிலைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது உடைந்தபோது, 1876-இல் அதே வடிவில் மற்றொன்று செய்து வைத்தனர்.

அன்பர்களே! இன்று நம் இல்லச் சுவரில் கடிகாரம் இருக்கிறது. வக்து அட்டவணையும் தொங்குகிறது. வேளையை அறிய நாம் வெயிலில் நின்று நிழலை அளக்க வேண்டுவதில்லை. அறிந்த வேளையைத் தவறவிடாதிருப்பதே நம் கடமை. ஊரார் தொழுகைக்காக வாழ்நாளெல்லாம் நிழலை அளந்த அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றியும் அதுவே.