காது நரம்புக் கட்டியை வென்ற டாக்டர் குஷிங்

மரக்காணம் உப்பளங்களில் கடற்காற்று ஓயாது. பாத்தியில் நிற்பவரை வரப்பிலிருந்து கூப்பிட்டால் காதில் விழாது. அங்கே ஒருவருக்கு ஒரு காது மட்டும் மெல்ல மெல்ல மந்தமானால், அதில் இரைச்சலும் கேட்டால், காற்றின் மேல்தான் பழி விழும்.

வேறொரு காரணமும் இருக்கலாம். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பைச் சுற்றி மெல்லிய உறை உண்டு. அபூர்வமாகச் சிலருக்கு அந்த உறையில் கட்டி வளரும். அது புற்றுநோய் அல்ல. ஆனால் இடம் பொல்லாதது. பெரிதானால் மூளையின் அடிப்பாகத்தையே நெருக்கி உயிரைக் குடித்துவிடும்.

1913-ம் ஆண்டு வாக்கில் ஐரோப்பாவின் பெரிய டாக்டர்கள் இதை ஆபரேஷன் செய்தபோது, 10 பேரில் 7, 8 பேர் இறந்தார்கள்.

இந்த நிலையை மாற்றியவர் ஹார்வி குஷிங். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் 1869-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி பிறந்தார். டாக்டர் குடும்பம். 10 பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி.

குஷிங் முன்கோபக்காரர். உதவியாளர்களைப் படாதபாடு படுத்துவார். ஆனால் கத்தியைக் கையில் எடுத்தால் அவசரமே கிடையாது. ரத்தக்குழாய்களைக் கவ்விப் பிடிக்கச் சின்னஞ்சிறு வெள்ளிக் கிளிப்புகளைச் செய்தார். கட்டியைப் பிடுங்காமல், மேல்கூட்டை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் எடுத்தார். இளநீர் வழுக்கையைச் சுரண்டுகிறோமே, அதைப்போல! 1917-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அவரிடம் வந்தவர்களில் இறந்தவர்கள் முதலில் 5-ல் ஒருவராகக் குறைந்தார்கள். 1931-ல் அது 100-க்கு 4 ஆயிற்று.

ஆனால் விட்டுவைத்த கூடு சும்மா இருக்கவில்லை. பலருக்குக் கட்டி திரும்பவும் வளர்ந்தது. குஷிங்கிடம் வேலை பழகிய வால்டர் டாண்டி, கட்டியை முழுவதுமாக எடுக்க முடியும் என்று 1922-ல் அறிவித்தார். குருவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த மனக்கசப்பு கடைசி வரை தீரவில்லை. முதலில் உயிர் பிழைக்கட்டும் என்று குஷிங் நினைத்தது அன்றைக்குச் சரிதான். பின்னாளில் நிலைத்தது என்னவோ சீடரின் வழி.

1939-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி குஷிங் காலமானார். உடலைப் பரிசோதித்தபோது, அவருடைய மூளைக்குள்ளேயே ஒரு சிறு கட்டி இருந்தது! 2,000-க்கும் மேற்பட்ட மூளைக் கட்டிகளைக் கண்டவருக்குத் தன் தலையில் இருந்தது தெரியாமலே போயிற்று.

அதன்பின் 11 ஆண்டுகள் கழித்து, 1950-ல், சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.ராமமூர்த்தி மூளை ஆபரேஷன் பிரிவைத் தொடங்கினார். இன்று மரக்காணத்துக்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு காது மட்டும் மந்தமானவர்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், கட்டி பட்டாணி அளவில் இருக்கும்போதே தெரிந்துவிடுகிறது.