தன் கருத்தையே கைவிட்டவர்

எளிய ஊசல் பரிசோதனையில் எனது வாசிப்பொன்று வரைபின் கோட்டிலிருந்து விலகி நின்றது. அழித்துவிட்டு, கோட்டோடு சேர்த்துக் குறிக்கக் கை துடித்தது. அன்று மாலை ஆதர் கொம்டனின் வரலாற்றை வாசித்தேன்.

அவர் 1892இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். சென். லூயிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் பென்சிற்கரி மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தினார். சிதறிய கதிரின் அலைநீளம் மாறக்கூடாது என்பதே அன்றைய பாடம். ஆனால் அது சற்றுக் கூடியிருந்தது. பழைய அலைக் கொள்கையைக் காப்பாற்றப் பல விளக்கங்களைத் தேடினார். எதுவும் அளவுகளோடு பொருந்தவில்லை. இறுதியில் அளவுகளை அல்ல, தன் கருத்தையே கைவிட்டார்.

ஒரு போளை இன்னொன்றில் மோதுவது போல, ஒளித்துணிக்கை இலத்திரனில் மோதித் தன் சக்தியில் ஒரு பங்கைக் கொடுக்கிறது. சக்தி குறைய அலைநீளம் கூடுகிறது. திரும்பும் கோணம் பெரிதானால் மாற்றமும் பெரிதாகும். இதை 1923இல் வெளியிட்டார்.

ஹாவர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டுவேனுக்கு அதே முடிவு கிடைக்கவில்லை, கடுமையாக மறுத்தார். மீண்டும் மீண்டும் அளந்தபின் 1924இல் அவரே ஏற்றுக்கொண்டார். 1927இல் கொம்டன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பின்னாளில் அணுகுண்டுத் திட்டத்தில் அவர் முக்கிய பங்கேற்றது மட்டும் என் மனதை உறுத்துகிறது. 1962இல் காலமானார்.

அந்தப் புள்ளியை நான் அழிக்கவில்லை. அடுத்த வகுப்பில் மீண்டும் அளந்தேன். நூலின் நீளத்தை நான்தான் பிழையாக எடுத்திருந்தேன். அழித்திருந்தால் அது எனக்குத் தெரிந்தே இராது.