காட்டைக் காத்த டாக்டர் கிளெகார்ன்

பாலக்காட்டுக் கணவாய் வழியே ஊருக்குப் போய்வரும் அன்பர்கள் ரயில் ஜன்னலில் தெற்கே பார்த்திருப்பார்கள். நெல்லியாம்பதி மலையும், அதற்குப் பின்னால் ஆனைமலைத் தொடரும் தெரியும். அந்தத் தொடர்தான் பரம்பிக்குளம் வழியாகச் சென்று, இடுக்கி மாவட்டத்தில் ஆனைமுடியாக உயர்ந்து நிற்கிறது. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் அந்தக் காடுகளுக்காக வாதாடியவர் ஒரு வெள்ளைக்கார டாக்டர். பெயர் ஹியூ கிளெகார்ன்.

சென்னையில் பிறந்தவர்

கிளெகார்ன் 1820-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். சிறு வயதிலேயே ஸ்காட்லாந்தில் இருந்த பாட்டனார் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். எடின்பரோவில் வைத்தியம் படித்து, 1842-இல் கம்பெனி டாக்டராகச் சென்னைக்குத் திரும்பினார்.

மைசூர்ச் சீமையில் ஷிமோகாவில் வேலை பார்த்தபோது செடிகொடிகளில் மனம் சென்றது. நாள்தோறும் ஒரு செடியை ஆராய்வது, அதை இந்திய ஓவியரைக் கொண்டு வரையச் செய்வது என்று வழக்கம் வைத்துக்கொண்டார். காடுகள் கண்மூடித்தனமாக வெட்டப்படுவதையும் அங்கேதான் கண்டார்.

உடல்நலம் குன்றித் தாய்நாடு சென்றவரிடம், பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் சங்கம் ஒரு கேள்வியை ஒப்படைத்தது. வெப்ப நாடுகளில் காடு அழிந்தால் என்ன ஆகும் என்பதே அது. 1851-இல் அவரும் சகாக்களும் அறிக்கை தந்தார்கள். மரம் போனால் ஊற்று வற்றும், மண் அரித்துப் போகும், நிலம் வறளும் என்று எச்சரித்தார்கள்.

தண்டவாளமும் மரமும்

சென்னை திரும்பித் தாவரவியல் பேராசிரியராக இருந்தவரை, 1856-இல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக அரசு நியமித்தது. ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியதும் அதே ஆண்டில்தான்.

தண்டவாளத்துக்கு அடியில் இப்போது கான்கிரீட் கட்டைகள் கிடக்கின்றன. அன்று எல்லாம் மரக்கட்டை. வெயில், மழை, கறையான் ஆகியவற்றால் சில ஆண்டுகளில் உளுத்துவிடும், மாற்றியாக வேண்டும். எஞ்சினுக்கும் விறகுதான். சென்னை மாகாண ரயில்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 2,50,000 ஸ்லீப்பர் கட்டைகள், அதாவது 35,000 மரங்கள் வேண்டும் என்று கணக்கிட்டார்கள். வடஆர்க்காட்டு மலைகள் ரயில்வேக் கோடரியால் மொட்டையானதைக் கிளெகார்ன் வருத்தத்தோடு எழுதிவைத்தார். 1862-இல் ரயில் பாலக்காடு வழியாகப் பேப்பூர்க் கடற்கரையை எட்டியது.

அவர் ரயிலுக்கு விரோதி அல்ல. மரத்தை அளவறிந்து வெட்ட வேண்டும், வெட்டிய இடத்தில் நட வேண்டும் என்பதே அவர் கட்சி. 1858-இல் ஆனைமலையின் உயர்ந்த பகுதிகளுக்கு ஏறினார். காட்டு வழி காட்டியவர்கள் காடர்கள். அந்த அனுபவங்களோடு தென்னிந்தியக் காடுகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1861-இல் வெளிவந்தது.

மறுபக்கம்

அவர் செய்தது எல்லாம் நன்மை என்றும் சொல்ல முடியாது. காட்டை வெட்டி எரித்து விதைக்கும் புனக்கிருஷியை அவர் கடுமையாக எதிர்த்தார். 1860-இல் அரசு அதைத் தடுத்தது. மலைமக்களின் சோற்றில் கை வைத்த சட்டம் அது. ரயிலுக்கு மரம் கிடைத்தது. தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்தவன் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதாயிற்று.

அவருடைய விதிகளுக்கும் எல்லை இருந்தது. திருவிதாங்கூர் தனிச் சமஸ்தானம். 1877-இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலையை வெள்ளைக்காரத் துரை குத்தகைக்குப் பெற்றார். காடு போய்த் தோட்டம் வந்தது. தோட்ட வேலைக்கு நம் மக்கள் மலை ஏறினார்கள்.

கிளெகார்ன் பின்னர் பஞ்சாப், இமயமலைக் காடுகளில் பணிபுரிந்து ஓய்வு பெற்றார். 1895-இல் ஸ்காட்லாந்தில் காலமானார். கிளெகார்னியா என்ற தாவர இனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

காடு மழையைத் தருமா என்று அவர் காலத்தில் அறிஞர்கள் சண்டையிட்டார்கள். 2018-இல் பம்பாய் ஐ.ஐ.டி. விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆராய்ச்சி, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் வெளிவிடும் ஈரத்திலிருந்து, தென்மேற்குப் பருவத்தில் தமிழகம் பெறும் மழைக்குக் கணிசமான பங்கு போகிறது என்று காட்டியது. மலையாளக் கரையில் ஒரு மரம் சாய்ந்தால் நம் ஊர் வயலுக்கும் அதில் நஷ்டம் உண்டு.

அதே 2018-இல் இடுக்கி வெள்ளத்தில் தவித்தது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் பெருமழையில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் ஏறத்தாழ 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் நம் தமிழ் மக்கள். மலைச்சரிவில் மரத்தின் வேர் மண்ணைப் பிடித்திருக்க வேண்டும் என்பது பழைய டாக்டரின் பாடம். மலையில் வாழ்கிறவனையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும் என்பது, அவர் சொல்லாமல் விட்டதும் நாம் மறக்கக் கூடாததும் ஆன பாடம்.