தர்பூசணி விலையும் டின்பெர்கனின் சமன்பாடுகளும்: மனிதரின் எதிர்பார்ப்பைக் கணக்கில் அடக்க முடியுமா?

செய்யூர், மதுராந்தகம் பக்கம் மார்கழி, தை மாதங்களில் தர்பூசணி விதைப்பவர் எந்த விலையை நம்பி விதைக்கிறார்? பெரும்பாலும் போன கோடையில் கிடைத்த விலையைத்தான். போன வருஷம் நல்ல விலைன்னா, இந்த வருஷம் எல்லாரும் தர்பூசணிதான். மூன்று மாதம் கழித்து மாமல்லபுரம் சாலையோரம் பழம் மலைபோல் குவியும், விலை சரியும். கை சுட்டவர்கள் அடுத்த வருஷம் ஒதுங்க, விலை மறுபடி ஏறும்.

பொருளியலில் இதற்குச் ‘சிலந்தி வலை’ என்று பெயர். 1930-ல் இதைக் கணிதமாக எழுதிக்காட்டிய சிலரில் ஒருவர் நெதர்லாந்தின் யான் டின்பெர்கன்.

1903-ல் ஹேக் நகரில் பிறந்தவர். லைடன் பல்கலைக்கழகத்தில் படித்தது இயற்பியல். ஆனால் 1929-ல் முடித்த முனைவர் பட்ட ஆய்விலேயே பொருளியலையும் சேர்த்துக்கொண்டார். ராணுவத்தில் சேர மாட்டேன் என்று மறுத்ததால் கிடைத்த மாற்றுப் பணி, அவரைப் புள்ளிவிவர அலுவலகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. கொள்கைப் பிடிவாதம் ஒருவருக்குத் தொழிலையே தேடித் தந்தது என்றால், அது இவருக்குத்தான்.

உலகப் பெருமந்தத்தில் வேலையின்மை வாட்டிய நேரம். 1936-ல் ஒரு நாட்டின் பொருளாதாரம் முழுவதையும் இருபதுக்கும் மேற்பட்ட சமன்பாடுகளாக எழுதினார் டின்பெர்கன். நாணய மதிப்பைக் குறைத்தால் வேலை பெருகுமா, பொதுப்பணிகளால் பெருகுமா என்று அரசு முடிவெடுக்கும் முன்பே தாளில் போட்டுப் பார்க்கலாம் என்பதே நோக்கம். அடுத்து, உலக நாடுகள் சங்கத்துக்காக அமெரிக்காவுக்கும் ஒரு மாடல் போட்டார்.

1939-ல் கெய்ன்ஸ் கடுமையாக விமர்சித்தார். எதிர்பார்ப்பு, கண்டுபிடிப்பு, அரசியல் போன்றவற்றை எண்ணாக மாற்ற முடியுமா என்பது அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. நியாயமான கேள்விதான். பெரிய மாடல்களில் எதிர்பார்ப்பு என்பது பெரும்பாலும் கடந்தகால எண்களின் நீட்சியாகவே நுழைந்தது. தர்பூசணிக்காரர் போன வருஷத்தையே பார்ப்பார் என்ற அனுமானம் போலத்தான். நாளைக்கே அரசு ஒரு கொள்முதல் விலையை அறிவித்தால், அவர் எதற்குப் பழைய விலையைப் பார்க்கப் போகிறார்? கொள்கை மாறினால் மக்களின் கணக்கும் மாறும், பழைய சமன்பாடு பொய்த்துப்போகும். 1976-ல் ராபர்ட் லூகாஸ் சொன்ன குற்றச்சாட்டின் சாரம் இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், பொருளாதாரம் இயங்கும் விதம் தெரிந்தே மக்கள் எதிர்பார்ப்பை அமைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை டின்பெர்கன் 1932-லேயே ஜெர்மன் மொழிக் கட்டுரையில் எழுதியிருந்தார். கவனிக்க ஆளில்லை. 1961-ல் ஜான் மூத் அதே வழியில் ‘பகுத்தறிவு எதிர்பார்ப்பு’ என்று எழுதியபோதும், உலகம் திரும்பிப் பார்க்கப் பத்தாண்டு பிடித்தது.

1951-ல் இந்தியா வந்த டின்பெர்கன், இங்கே கண்ட வறுமையால் உலுக்கப்பட்டு, வளர்ச்சிப் பொருளியல் பக்கம் திரும்பினார். அவரிடம் பயின்ற நரசிம்மம் 1956-ல் இந்தியாவுக்கான தொடக்ககால மாடல்களில் ஒன்றை வெளியிட்டார். 1969-ல் பொருளியலுக்கான முதல் நோபல் பரிசு டின்பெர்கனுக்கும் ராக்னர் ஃபிரிஷுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1994-ல் டின்பெர்கன் மறைந்தார்.

இப்போது விலைவாசி எப்படிப் போகும் என்று நினைக்கிறீர்கள் என ரிசர்வ் வங்கி நகரக் குடும்பங்களிடம் நேரடியாகவே கேட்கிறது. சென்னையும் அந்தப் பட்டியலில் உண்டு.