கரும்பொருள் கண்ட சுவிக்கி

காற்றைக் கண்ணாற் கண்டவர் எவரும் இலர். ஆயினும், கிளை அசையக் கண்டு காற்று உண்டென அறிகிறோம். அங்ஙனமே காணாப் பொருள் ஒன்றை அதன் செயலால் அறிந்து உலகிற்கு உணர்த்தியவர் பிரிட்ஸ் சுவிக்கி என்னும் வானநூல் அறிஞர் ஆவார்.

இவர் 1898ஆம் ஆண்டு பல்கேரியா நாட்டு வர்னா நகரிற் பிறந்தார். தந்தையார் சுவிட்சர்லாந்து நாட்டினர். ஆறாம் வயதில் அந்நாட்டிலிருந்த பாட்டனார் இல்லத்திற்கு அனுப்பப்பெற்று, அங்கேயே கல்வி பயின்றார். 1925இல் அமெரிக்கா சென்று, கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி மேற்கொண்டார்.

விண்மீன் மண்டலங்கள் பல ஒருங்கு கூடிய கூட்டங்கள் வானத்தில் உண்டு. அவற்றுள் ஒன்று கோமாக் கூட்டம். அது 30 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பாலுள்ளது. அதன் மண்டலங்கள் விரையும் வேகத்தைச் சுவிக்கி 1933இல் ஆராய்ந்தார். அத்துணை வேகத்தில் ஓடுபவை எப்பொழுதோ சிதறிப் போயிருத்தல் வேண்டும். ஒளிரும் விண்மீன்களின் ஈர்ப்பு அவற்றைக் கட்டி நிறுத்தப் போதாது. எனவே, ஒளிராத பொருள் அங்கு மிகுதியாக உண்டெனத் துணிந்து, அதனைக் கரும்பொருள் எனக் குறித்தார். அக்காலத்தில் விண்வெளித் தொலைவுகள் செவ்வையாக அறியப்படாமையால், அவர் கண்ட அளவு மிகையாயிற்று. ஆயினும், முடிவு பிழைபடவில்லை.

அறிஞர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. சுவிக்கியோ கடிந்து பேசும் இயல்பினர். அதனால் நண்பரும் குறைந்தனர். எனினும், அவர் உள்ளம் ஈரமுடையது. இரண்டாம் உலகப் போரில் அழிந்த நூலகங்களுக்கு அறிவியல் ஏடுகளை அரிதின் முயன்று திரட்டி அனுப்பினார்.

1974இல் சுவிக்கி மறைந்தார். அப்பத்தாண்டில் வேரா ரூபின் முதலியோர் விண்மீன் மண்டலங்களின் சுழற்சியை அளந்து, கரும்பொருளுக்கு வலிய சான்று தந்தனர். நாம் அறிந்த பொருளைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு கரும்பொருள் பேரண்டத்தில் உள்ளதென இன்று கணக்கிட்டுள்ளனர்.

அஃது எத்தகைய துகள்களால் ஆனது? அத்துகள்கள் ஒன்றோடொன்று எதிர்ப்பட்டு அழியுமாயின், காமாக் கதிர்கள் தோன்றக்கூடும். 2008இல் விண்ணில் ஏவப்பெற்ற பெர்மித் தொலைநோக்கி, கரும்பொருள் மிகுந்த சிறு மண்டலங்களை நோக்கி அக்கதிர்களைத் தேடியது. ஐயத்திற்கு இடமற்ற அடையாளம் எதுவும் கிட்டவில்லை. ஆயினும், அத்தேடல் வீணன்று. வெறும் வலையை இழுத்த வலைஞன், அவ்வலைக்குத் தப்பாத பெருமீன் அவ்விடத்தில் இல்லை என்றேனும் அறிவான். அவ்வாறே, அத்துகள்கள் அழியுமாயினும் குறித்த ஓர் அளவிற்கு மேல் விரைந்து அழிதல் இயலாதென அறிஞர் வரம்பு கண்டனர். அவ்வரம்பை மீறிய கொள்கைகளைக் கைவிட்டனர்.

கணக்குக் காட்டிய வழியில் அஞ்சாது சென்றவர் சுவிக்கி. அவர் எழுப்பிய வினா இன்னும் விடைக்குக் காத்திருக்கிறது.